புதுப் பாட்டுக்கு ஒரு நாளில் எத்தனை இடம்?

வணக்கம், நேயர்களே. வளரும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு வானொலி எப்படிக் கைகொடுக்கலாம் என்பது இன்றைய தலைப்பு. பாட்டை எத்தனை தரம் போடுவது, பெயரை எப்படிச் சொல்வது, ஊர் இசை விழாவை எப்படி ஒலிபரப்புவது, கடைசியாகக் கடிதம், காசு, அனுமதி. இந்த ஒழுங்கில் போவதாக எண்ணம். நேரம் இடம் கொடுத்தால்.

முதலில் ஒரு கணக்கு. உள்ளூர்ப் பாட்டுக்கென்று வாரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குவது பழகிப்போன முறை, சோற்றுத் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் வைப்பதுபோல. அந்த அரை மணித்தியாலத்தில் ஆறு பாட்டுப் போகும். அடுத்த வாரம் வேறு ஆறு. ஆக, ஒரு பாட்டு ஒரே ஒரு தரம் காற்றில் போய்விட்டு அலமாரிக்குத் திரும்பிவிடும். பாடினவரின் வீட்டார் காத்திருந்து கேட்பார்கள். கொழும்பு காலி வீதியில் 101 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சினிமாப் பாட்டு நமக்கு எப்படி வாயில் வந்தது? யாரும் உட்கார்ந்து பாடமாக்கவில்லை. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது ஒரு தரம், மத்தியானம் பக்கத்துக் கடையில் ஒரு தரம், பின்னேரம் ஓட்டோவில் ஒரு தரம். கிழமை முடிவதற்குள் பல்லவி ஒட்டிக்கொண்டுவிடும். உள்ளூர்ப் பாட்டுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை, மணித்தியாலத்துக்கு ஒரு பாட்டு. ஒரு நாளைக்கு 16 இடம், வாரத்துக்கு 112. அதில் ஐந்தே ஐந்து புதுப் பாட்டுகளைச் சுழற்றினால் ஒவ்வொன்றும் வாரத்துக்கு 22 தரம் போகும். நான்கு வாரம் வைத்திருந்தால் கிட்டத்தட்ட 90 தரம். தயவுசெய்து நாற்பது பாட்டை உள்ளே போட்டு எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள். நாற்பது போட்டால் ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் மூன்று தரம்கூட வராது. ஒரு காதிலும் ஏறாது.

ஏன் ஐந்து, நான்கு ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். 16ஐ நான்கால் வகுத்தால் மிச்சமில்லை. அதனால் காலை 6 மணிக்கு வந்த பாட்டு மறுநாளும் 6 மணிக்கே வரும், அதற்கடுத்த நாளும் அப்படியே. 6 மணிக்கு எழும்புகிறவர் அந்த ஒன்றை மட்டும் கேட்டுச் சலித்துப்போவார், மற்ற மூன்றையும் அறியவே மாட்டார். ஐந்து என்றால் ஒன்று மிச்சம். நாளுக்கு ஒரு படி தானாக நகரும். ஐந்து நாளில் எல்லாப் பாட்டும் எல்லா மணியையும் தொட்டுவிடும். கணினியில் பட்டியல் போடுகிறவர்கள் இந்தச் சின்ன விசயத்தைத்தான் தவறவிடுகிறார்கள். இன்னொன்று: புதுப் பாட்டின் முன்னுக்கும் பின்னுக்கும் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு இருக்க வேண்டும். விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கை தானாக மற்ற நிலையத்துக்குத் திருப்பிவிடும்.

சரி, பெயர். இதில் கொஞ்சம் நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1925 டிசெம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் ரேடியோ சிலோன் ஆனது, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அந்தத் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர் இரண்டு கரையிலும் வீட்டுப் பெயரானது. அந்த மரபில் வந்தவர்கள் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் சொல்லித்தான் பாட்டை விடுவார்கள். கேட்டவர்களுக்கு எந்த வரி யார் எழுதியது என்று தெரிந்தது அப்படித்தான். அதே நிலையத்தில்தான் ஈழத்து மெல்லிசையும் வளர்ந்தது. குலசீலநாதன், பரராஜசிங்கம் போன்றோர் பாடினார்கள், ஆர். முத்துசாமி போன்றோர் இசையமைத்தார்கள். அந்தப் பெயர்களை இன்றைக்கும் நாம் சொல்ல முடிகிறதென்றால், அன்றைக்கு யாரோ ஒலிவாங்கியில் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இன்றைக்கு? முன்னிசையின் மேல் அறிவிப்பாளர் பேசுகிறார், பல்லவி தொடங்கும்போது நிறுத்துகிறார், முடிவிசையை வெட்டி நிலையத்தின் பெயர் பாய்கிறது. சினிமாப் பாட்டுக்கு அது பெரிய நட்டமில்லை, அதன் விபரம் பத்து இடத்தில் கிடைக்கும். வவுனியாவிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வந்த ஒரு பிள்ளையின் முதல் பாட்டுக்கு, அந்த விபரத்தைச் சொல்ல வானொலியை விட்டால் வேறு இடம் அரிது. பாட்டுக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம்: முதல் அடி, பாடியவர், எழுதியவர், இசை, ஊர். நிறுத்திச் சொன்னாலும் 12 செக்கன் போதும். ஊரைச் சேர்ப்பது அலங்காரத்துக்கு அல்ல. யூடியூபில் தேடினால் அதே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், ஊர் தெரிந்தால் ஆளைப் பிடிக்கலாம்.

இது பெருந்தன்மை சார்ந்த விசயமும் அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பு பொதுவில் பயன்படும்போது இயன்றவரை ஆக்கியோனின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்பதை உரிமையாகவே வைத்திருக்கிறது. 12 செக்கன் இயலாத காரியமா?

இதில் கலைஞர்கள் பக்கமும் குறை இருக்கிறது. கலையகத்துக்கு வருகிற கோப்பின் பெயர் ‘ஃபைனல் நியூ டூ’. உள்ளே யாருடைய பெயரும் இல்லை. அறிவிப்பாளர் எதைச் சொல்வார்? கோப்பின் பெயரிலேயே பாட்டின் முதல் அடியும் பாடியவர் பெயரும் இருக்கட்டும். கூடவே ஒரு தாளில் எழுதியவர், இசை, வாத்தியக்காரர்கள், மொத்த நீளம், குரல் தொடங்கும் செக்கன், தொலைபேசி இலக்கம். குரல் எப்போது தொடங்கும் என்று தெரிந்தால் அறிவிப்பாளர் அதற்குள் பேச்சை முடிப்பார், தெரியாவிட்டால் உங்கள் முதல் வரியின் மேல் ஏறி நிற்பார்.

ஒலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒலியைச் சுருக்காமல் வைத்திருக்கும் வாவ் (WAV) கோப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்ததை ஒலிபரப்ப முடியாது. பண்பலையில் 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. அதற்குக் கீழே உள்ள கூர்மையான ஓசையை நிலையத்தின் கருவி ஏற்கனவே தூக்கித்தான் அனுப்பும். ஹெட்போனில் பளிச்சென்று கேட்ட ‘ச’வும் ‘ஸ’வும் வானொலியில் சீறுவது அதனால்தான். மெல்லிய இடம், பலத்த இடம் எல்லாம் ஒரே மட்டமாகும்படி பாட்டை முழுக்க நசுக்கிச் சத்தமாக்கிக் கொண்டுவந்தால், நிலையத்தின் கருவி அதை இன்னொரு தரம் நசுக்கும், தாளம் செத்துப்போகும். கடைசியாக, பாட்டை ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அகலமாகக் கேட்க வேண்டும் என்று குரலை இரண்டு பக்கமும் எதிர் எதிராக விரித்திருந்தால், குசினி ரேடியோவில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் குரலே தேய்ந்துவிடும்.

இனி விழா. யாழ்ப்பாணத்தில் 2011இல் நடந்த இசை விழா போலப் பெரியதாகவும் இருக்கலாம், மலையகத்தில் மாசி மாதக் காமன் கூத்தாகவும் இருக்கலாம், வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபமாகவும் இருக்கலாம். நேரடி ஒலிபரப்பில் வழமையாக நடக்கும் பிழை ஒன்றுதான்: மண்டபத்து மிக்ஸரிலிருந்து, அதாவது மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவியிலிருந்து, ஒரு வயரை இழுத்து அப்படியே அனுப்புவது. தவிலுக்கு மண்டபத்தில் மைக்கே தேவையில்லை, அது தானாக முழங்கும். அதனால் மிக்ஸரில் தவில் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் ஆகா என்பார்கள். வானொலியில் கேட்டவருக்கு யாரோ குளியலறையில் தனியே பாடுவதுபோல இருக்கும்.

தவிலுக்கும், தப்பு என்கிற பறைக்கும் ஒலிபரப்புக்கென்றே தனி மைக் வையுங்கள். சபையின் நடுவில், தலைக்கு மேலே, மேடையைப் பார்த்தபடி இன்னும் இரண்டு. இங்கேதான் கவனம் வேண்டும். நம்முடைய வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். சபை மைக் மேடையிலிருந்து 14 மீற்றர் தள்ளி இருந்தால், அங்கே ஒலி 40 மில்லிசெக்கன் பிந்தி வந்து சேரும். வயர் வழியே வருவது உடனே வந்துவிடும். இரண்டையும் அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரட்டை அடியாகக் கேட்கும், நல்ல தவில்காரரும் தாளம் தப்பியவராகத் தெரிவார். வயர் ஒலியை அதே 40 மில்லிசெக்கன் தாமதப்படுத்துங்கள். இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் அதற்கு இடம் இருக்கிறது. மேடையிலிருந்து மைக்வரை அளக்க ஒரு நாடா போதும்.

ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில், மண்டபத்து மிக்ஸருக்கும் உங்கள் கருவிக்கும் நடுவில், மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பிரிப்புப் பெட்டி ஒன்று போடாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் நிகழ்ச்சி முழுக்கக் கூடவே வரும்.

தப்பு வாத்தியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் தோல் நெருப்பில் காய்ச்சித்தான் இறுகும். மழைக் குளிரில் நின்றால் சுருதி இறங்கிவிடும். நிகழ்ச்சி நிரலில் தப்புக் குழுவுக்கு முன்னால் நீண்ட உரையை வைக்கிறார்கள். காய்ச்சிய தப்போடு கலைஞர்கள் மேடைக்குப் பின்னால் காத்து நிற்பார்கள், அமைச்சர் பேசுவார், தோல் தளரும். பிறகு பொத்துப் பொத்தென்று கேட்கிறது என்று ஒலிப்பதிவாளரைக் குறை சொல்வார்கள். நெருப்புக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கி, மேடைக்குக் கூப்பிடுவதற்குச் சற்று முன் காய்ச்ச விடுங்கள். குளிரூட்டிய கலையகத்தில் பதிவு என்றாலும் இதே கதைதான்.

விழாவையும் அந்த ஐந்து பாட்டையும் முடிச்சுப் போட வேண்டும். பிபிசி 2007இல் தொடங்கிய ‘இன்ட்ரொடியூசிங்’ திட்டம் அதைத்தான் செய்கிறது: பிள்ளைகள் பாட்டைத் தரவேற்றுகிறார்கள், உள்ளூர் நிலையம் கேட்டுத் தெரிவுசெய்கிறது, தெரிவானவர்களில் சிலர் பெரிய விழா மேடைவரை போகிறார்கள். இங்கேயும் நான்கு வாரம் ஒலித்த ஐவரையும் விழாவில் ஏற்றுங்கள், பாட்டு ஏற்கனவே சனத்துக்குத் தெரிந்திருக்கும். இதை விரித்துச் சொல்ல இருந்தேன், கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள்.

ஆகவே மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். பாட்டைக் கொடுக்கும்போது கடிதமும் கொடுங்கள்: ஒலிபரப்ப மட்டும் அனுமதி, உரிமை எங்களிடமே, கையொப்பம், திகதி. ‘சகல உரிமைகளும்’ என்ற சொல் இருக்கும் தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். விழாவுக்கு வாத்தியக்காரரின் பயணக் காசை முன்கூட்டியே கொடுங்கள், முடிந்த பிறகு பார்ப்போம் என்றால் மட்டக்களப்பிலிருந்து யாரும் வரமாட்டார்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவாக அது கிடைப்பதில்லை. புதுப் பிள்ளைகளைக் கடைசியில் போட்டால் அவர்களின் நேரத்தில்தான் மின்சாரம் நிறுத்தப்படும், ஆகவே அவர்களை ஏழரை மணிக்கே ஏற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.