எரியும் ஏரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

அச்சு வந்ததால் நூல்கள் மலிந்தன, ஒரே நூலுக்கு நூற்றுக்கணக்கில் படிகள் கிடைத்தன என்பது நாம் பள்ளியிலேயே படித்த செய்தி. தமிழ் பேசும் எளிய மக்களுக்கு அச்சு செய்த இன்னொரு பேருதவி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலேயே ஒருவர் எழுத்தைப் பார்த்துத் தாமே பொருள் கொள்ளும் நிலையை அது உண்டாக்கியது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பழைய ஓலைச்சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால், பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குற்றெழுத்துக்கும் நெட்டெழுத்துக்கும் வேறுபாடு தெரியாமல் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவத்தில் நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. செய்யுளின் அடி முடியும் இடமும் தெரியாது. அந்த வரியில் எரிந்தது ஊரா, நிறைந்தது ஏரியா என்று அறிய வேண்டுமானால், படிப்பவருக்கு அந்தப் பாட்டு முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கற்றிருந்த ஓர் உழவர், தாம் கேட்டறியாத நூல் ஒன்றை ஏட்டிலிருந்து தனியே படிப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் அச்சேறியது மிக முன்னதாகவே. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கசு அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். அந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பொருளுதவி செய்தார்கள் என்பதை நான் பெருமையோடு நினைத்துக்கொள்வதுண்டு. கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசு முதல் தமிழ் அச்சுக்குப் போயிருக்கிறது. பின்னர் 1713 அளவில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகளைக் கொண்டு அச்சிடத் தொடங்கினார். அவை மிகப் பெரியவையாக இருந்ததால் தாள் ஏராளமாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொள்ள நேர்ந்தது. தொடக்க கால அச்சு ஓலையின் பழக்கங்களைப் பெரிதும் பின்பற்றியது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் வீரமாமுனிவரால் 18ஆம் நூற்றாண்டில் முன்வைக்கப்பட்டு, அச்சின் வழியாகவே மெல்ல மெல்ல ஊரெங்கும் நிலைபெற்றது.

1812இல் சென்னையில் ஞானப்பிரகாசன் என்பவர் திருக்குறள் மூலத்தை அச்சிட்டார். ஆயினும் அச்சுக்கூடம் வைக்க அரசின் உரிமம் தேவைப்பட்ட காலம் அது. 1835இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் பொறுப்பில் இருந்த மெட்காப் கொண்டுவந்த சட்டம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான், தமிழர்கள் தாங்களே அச்சுக்கூடங்களைப் பரவலாக நடத்த முடிந்தது. 1849இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகளையும் இட்டு நூல்களைப் பதிப்பித்தார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டபோது, செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்ல ஒரு புலவரைத் தேடிப் போகாமலே நாயன்மார் கதைகளை அறியும் வழி திறந்தது.

இவற்றையெல்லாம் விட எளியோரிடம் நெருங்கிப் போனவை, சென்னையில் குஜிலி என்ற கடைத்தெருவில் விற்ற மலிவுப் பிரசுரங்களும் 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்களும் என்பதே என் எண்ணம். ரயில் விபத்து, கொலை வழக்கு, கோயில் திருவிழா என்று அன்றாடம் நடந்தவற்றைப் பாட்டாக்கி, விற்பவர்களே தெருவில் பாடிக்காட்டி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றார்கள். புலவர்கள் அவற்றை இழிவாகக் கருதியது நியாயமன்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், கண்பார்வை மங்கியவருக்கும், மண்ணெண்ணெய் விளக்கொளியில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏற்ற அளவில் எழுத்தைப் பெரிதாக அச்சிட்டது, வாசகரை மதித்துச் செய்த காரியம். ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அந்தப் பத்துப் பேரையும் வாசகர்களாகவே கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் பாட்டி எழுத்தறியாதவர். அவருடைய அரிசிப் பானைக்குப் பின்னால், அட்டை போய் நூலால் தைத்த நல்லதங்காள் கதை ஒன்று இருந்தது. நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அதை எடுத்து என் மடியில் வைத்து, பக்கங்களைத் தாமே புரட்டி, கிணற்றங்கரையில் ஏழு பிள்ளைகளோடு தாய் நிற்கும் படம் வந்ததும் விரலை வைத்து, "இங்கேயிருந்து படி கண்ணு" என்பார். நான் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டால்கூட, அவர் உடனே திருத்திவிடுவார்.

வணக்கம்.