ஒரு வருஷ மருந்து, ஒரே ஒரு மாத்திரை அளவு! மெனோபாஸ் வறட்சியோட கணக்கு

ஒரு மருந்தை வருஷம் முழுக்க எடுத்துக்கறீங்க. அதுல இருக்கிற ஹார்மோனை எல்லாம் கூட்டினா, இன்னொருத்தங்க ஒரே நாள்ல முழுங்குற மாத்திரை அளவுதான் வருது. ஆனா பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாளைப் படிச்சுட்டு, பயந்துபோய் அலமாரியில தூக்கி வச்சவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. கணக்கைப் போட்டுக் காட்டறேன், இருங்க.

வணக்கம் அக்கா, தங்கச்சி, அண்ணன்மாரும்தான். நம்ம சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல பார்க்கறவங்க ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க. இன்னிக்கு விஷயம் பெண்ணுறுப்பு வறட்சி. ஆமா, வாய் விட்டுச் சொல்லிட்டேன். முழங்கால் வலியை புளோக்குக்குக் கீழ உக்காந்து மணிக்கணக்கா பேசுறோம், இதை மட்டும் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்றதில்ல.

பாடப் பகுதி சீக்கிரம் முடிச்சுடறேன். மாதவிடாய் நின்னு 12 மாசம் ஆச்சுன்னா அது மெனோபாஸ். பெரும்பாலும் 50 வயசை ஒட்டி வரும். ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறையும். அவ்வளவுதான்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். தயிர்!

சிரிக்காதீங்க. ஈஸ்ட்ரோஜன் இருக்கிற வரைக்கும் பெண்ணுறுப்போட உள்தோல் தடிமனா, மடிப்பு மடிப்பா, ஈரமா இருக்கும். அந்தத் தோல்ல கிளைக்கோஜன்னு ஒரு சர்க்கரைச் சத்து இருக்கு. அதை நம்பி வாழுது லாக்டோபேசில்லஸ்னு ஒரு நுண்ணுயிர். நம்ம வீட்டுல பாலை உறைய வைக்கிற கூட்டத்தோட சொந்தக்காரங்க. அங்க என்ன லாக்டிக் அமிலமோ, இங்கயும் அதேதான். புளிப்பை அளக்கிற பிஎச் (எண் குறைய குறைய புளிப்பு கூடும்) 3.8லிருந்து 4.5 வரைக்கும், கிட்டத்தட்ட தயிரோட புளிப்பு. அந்தப் புளிப்புல கெட்ட கிருமி அவ்வளவு லேசுல தங்க முடியாது. மெனோபாஸ் வந்ததும் தோல் மெலிஞ்சு போகுது, சர்க்கரை குறையுது, அந்த லாக்டோபேசில்லஸ் குறைஞ்சு போகுது, பிஎச் 5ஐத் தாண்டுது. எரிச்சல், அரிப்பு, தாம்பத்தியத்துல வலி எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வருது. திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்ஷன் வர்றதுக்கும் இது ஒரு காரணம். அதனாலதான் 2014ல மருத்துவர்கள் இதுக்குப் பேரையே மாத்தி, சிறுநீர்ப் பாதையையும் சேர்த்து ஜிஎஸ்எம்னு (ஜெனிட்டோயூரினரி சிண்ட்ரோம் ஆஃப் மெனோபாஸ்) வச்சாங்க.

"நிறைய தண்ணி குடி, சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு இப்போ பதில் கிடைச்சுதா? தண்ணி இல்லாத வறட்சி இல்ல இது. அடுத்து கமெண்ட்ல "தயிரைத் தடவலாமா?"ன்னு கேப்பீங்க. வேணாம்மா, அது சாதத்துக்கு. சோப்பு, வாசனை லோஷன், வெற்றிலை போட்ட வாஷ் எதுவும் உள்ளே வேணாம். வெறும் தண்ணி போதும்.

உடம்பு தகிக்கிறது சில வருஷத்துல பெரும்பாலும் தணிஞ்சிடும். இந்த வறட்சி கவனிக்காம விட்டா தானா போறது அபூர்வம், கூடத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்? ஃபார்மசியில மருந்துச் சீட்டு இல்லாமலே ரெண்டு பொருள் கிடைக்கும். ஒண்ணு மாய்ஸ்சரைசர், ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை. இன்னொண்ணு லூப்ரிகன்ட், அதாவது வழுவழுப்பு தர்றது, தாம்பத்திய நேரத்துக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் ரசிகர்களே, ஆணுறையோட அது சேராது, ரப்பர் கிழிஞ்சிடும்.

இது போதலைன்னா, டாக்டர் எழுதிக் கொடுக்கிற, உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன். இப்போ கணக்கு. ஒரு சின்ன மாத்திரையில 10 மைக்ரோகிராம். முதல் ரெண்டு வாரம் தினமும் ஒண்ணு, 14. மீதி 50 வாரமும் வாரத்துக்கு ரெண்டு, 100. மொத்தம் 114 மாத்திரை, 1140 மைக்ரோகிராம், அதாவது 1.14 மில்லிகிராம். வாயில போட்டுக்கற எஸ்ட்ராடையால் (இதுவும் ஈஸ்ட்ரோஜன்தான்) மாத்திரை ஒரு நாளைக்கே 1 இல்லேன்னா 2 மில்லிகிராம்! உள்ளே வைக்கிறதுல ரத்தத்துல கலக்கறதும் ரொம்பக் கொஞ்சம். பெட்டிக்குள்ள இருக்கிற அந்தத் தாள்ல பயமுறுத்துற வரிகளுக்கு முக்கியக் காரணம், ஹார்மோன் சிகிச்சை பத்தி 2002ல வெளிவந்த அமெரிக்க ஆய்வு. அதுல கொடுத்தது வாய்வழி மாத்திரை. என்னைக் கேட்டா, மாம்பழத்தைத் திட்டிட்டு மாவடுவையும் சேர்த்துத் தூக்கிப் போட்ட கதை.

ஒரு விதிவிலக்கு: மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, புற்றுநோய் டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. மாதவிடாய் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே போய்க் காட்டணும். சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு அரிப்பு பூஞ்சையாலயும் வரலாம், அதனால நீங்களா முடிவு பண்ணாதீங்க. மருந்து பிடிக்க சில வாரம் ஆகும், ரெண்டாவது நாளே "ஒண்ணும் ஆகல"ன்னு நிறுத்தாதீங்க.

எங்கே போறது? முதல்ல பொலிகிளினிக்னு சொல்ற அரசாங்க கிளினிக், இல்ல பக்கத்து ஜிபி, அதாவது குடும்ப டாக்டர். தேவைப்பட்டா அங்கிருந்து கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பாங்க. ஒரு குட்டித் தகவல்: கேகேன்னா கண்டாங் கெர்பாவ், மலாய்ல எருமைத் தொழுவம். 1966ல மட்டும் அங்கே 39,835 பிரசவம், அப்போ அது கின்னஸ் சாதனை. அந்த வருஷம் பொறந்த பொண்ணுங்க எல்லாம் இப்போ அறுபதை ஒட்டி இருக்காங்க. இந்த வீடியோ அவங்களுக்குத்தான்.

டாக்டர் முன்னாடி வாய் வரலேன்னா, "வெஜைனல் டிரைனஸ்"னு ஃபோன்ல டைப் பண்ணிக் காட்டுங்க. பெண் டாக்டர் வேணும்னா பதிவு பண்ணும்போதே கேட்டுப் பாருங்க.

லைக் வேணாம், ஷேர் பண்ணுங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, மாமனாரும் இருப்பார். அம்மாவுக்குத் தனியா அனுப்புங்க.