ஐ.சி.38 தேர்வு: லைஃப், ஹெல்த் விதிகளைக் குழப்பிக்காம படிக்கிறது எப்படி?

வணக்கம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகுறதுக்கு ஐ.சி.38 தேர்வு எழுதப் போறவங்களுக்கான வீடியோ இது. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தா பாஸ். தப்பா எழுதினா மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியைக்கூட விட்டுட்டு வராதீங்க. தமிழ்லயே எழுதலாம்.

பாடம் கஷ்டம் இல்லை. ஆனா ஒரே விதி லைஃப்ல ஒரு மாதிரி, ஹெல்த்ல வேற மாதிரி வேலை செய்யும். கேள்வியும் பெரும்பாலும் அங்கதான் வரும். எந்த விதியைப் படிச்சாலும் ரெண்டு விஷயம் பாருங்க: இது எந்த பாலிசிக்கு? எந்த நேரத்துல பொருந்தும்?

முதல்ல இன்சூரபிள் இன்ட்ரஸ்ட். ஒருத்தர் இறந்தா உங்களுக்குப் பண நஷ்டம் இருக்கணும், அப்பதான் அவர் பேர்ல பாலிசி எடுக்கலாம். கணவன் மனைவி ஒருத்தர் பேர்ல ஒருத்தர் எடுக்கலாம். கடன் கொடுத்தவர் கடன் தொகை அளவுக்கு மட்டும் எடுக்கலாம். லைஃப்ல இது பாலிசி எடுக்கிற நேரத்துல இருந்தா போதும். மனைவி பேர்ல பாலிசி எடுத்தவர் பின்னாடி விவாகரத்து ஆயிட்டார், பிரீமியம் மட்டும் விடாம கட்டிட்டு வர்றார்னா அந்த பாலிசி செல்லும். தீ விபத்துக் காப்பீட்டுல எடுக்கும்போதும் இருக்கணும், நஷ்டம் ஆகும்போதும் இருக்கணும். மரைன்ல, அதாவது கப்பல், சரக்குக் காப்பீட்டுல, நஷ்டம் ஆகும்போது இருந்தா போதும்.

அடுத்து இண்டெம்னிட்டி, அதாவது ஆன நஷ்டத்துக்கு மட்டும்தான் ஈடு. உயிருக்கு விலை கட்ட முடியாதுங்கிறதால லைஃப்ல இது கிடையாது, பாலிசியில போட்ட தொகை அப்படியே வரும். ஹெல்த்தை மொத்தமா ஒரு பக்கம் தள்ளிடாதீங்க. ஆஸ்பத்திரி பில்லுக்குப் பணம் தர்ற பாலிசி இண்டெம்னிட்டி. கேன்சர் மாதிரி நோய் உறுதியானதும் மொத்தமா 10 லட்சம் தர்ற கிரிட்டிக்கல் இல்னெஸ் பாலிசி அப்படி இல்லை, அங்க பில் தொகைக்கும் கிளைமுக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போ உண்மையைச் சொல்ற கடமை. தேர்வுக்காக மட்டும் இல்லாம, தொழிலுக்கும் சேர்த்துப் படிங்க. சர்க்கரை இருக்கு, பிபி இருக்குன்னு கஸ்டமர் சொன்னதை ப்ரொபோசல் ஃபாரத்துல, அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்துல, நீங்க எழுதாம விட்டா, கிளைம் நேரத்துல அந்தக் குடும்பம்தான் தெருவுல நிக்கும். லைஃப்ல இன்சூரன்ஸ் சட்டத்தோட பிரிவு 45: மூணு வருஷம் முடிஞ்ச பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது, மோசடின்னு சொல்லியும் முடியாது. அந்த மூணு வருஷத்தை பாலிசி கொடுத்த நாள், ரிஸ்க் தொடங்கின நாள், ரிவைவல் பண்ணின நாள் (நின்னுபோன பாலிசியை மறுபடி உயிர்ப்பிச்ச நாள்), ரைடர் (கூடுதல் கவர்) சேர்த்த நாள், இதுல எது கடைசியோ அதுல இருந்து எண்ணணும். பிரீமியம் கட்டாம பாலிசி லேப்ஸ் ஆகி ரிவைவல் பண்ணினா கணக்கு மறுபடி ஆரம்பிக்குதுங்கிறதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. ஹெல்த்ல இதுக்குப் பேர் மொரட்டோரியம், தொடர்ந்து 60 மாசம் பாலிசி ஓடியிருக்கணும். ஆனா இங்க மோசடி நிரூபணம் ஆனா 60 மாசத்துக்கு அப்புறமும் கிளைமை மறுக்கலாம். இந்த வித்தியாசத்தை நல்லா மனசுல வாங்கிக்கோங்க.

பழைய நோட்ஸ் வச்சுப் படிக்கிறவங்க உஷாரா இருங்க. மொரட்டோரியம் 8 வருஷம், ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்பு 48 மாசம், ஃப்ரீ லுக் (பிடிக்கலைன்னா பாலிசியைத் திருப்பிக் கொடுக்கிற அவகாசம்) 15 நாள்னு அதுல இருக்கும். 2024 ஏப்ரல்ல இருந்து இது 60 மாசம், அதிகபட்சம் 36 மாசம், 30 நாள்னு மாறிடுச்சு. உங்க பாடப்புத்தகம் எந்தப் பதிப்புன்னு முதல்ல பாருங்க.

நாமினேஷன், அதாவது பணம் யாருக்குப் போகணும்னு பேர் குறிக்கிறது, பிரிவு 39. அசைன்மென்ட், அதாவது பாலிசி உரிமையை வேற ஒருத்தருக்கு மாத்தறது, பிரிவு 38. நாமினியை எப்போ வேணும்னாலும் மாத்தலாம். நாமினி மைனர்னா அவருக்காகப் பணத்தை வாங்கிக்கிற அப்பாயின்ட்டி பேர் போடணும். பாலிசியை முழுசா வேற ஒருத்தருக்கு அசைன் பண்ணிட்டா நாமினேஷன் தானா ரத்தாகும். ஆனா கடனுக்காக பேங்க்குக்கு அசைன் பண்ணினா ரத்தாகாது, இது 2015 திருத்தம். 20 லட்சம் பாலிசி, கடன் பாக்கி 12 லட்சம்னா பேங்க்குக்கு 12 போக மீதி 8 லட்சம் நாமினிக்கு.

கணக்குல பெய்ட்-அப் மதிப்பு, அதாவது பிரீமியம் கட்டுறதை நடுவுல நிறுத்தினா மிஞ்சுற காப்பீட்டுத் தொகை, சுலபம்: கட்டின பிரீமியம் எண்ணிக்கையை, கட்ட வேண்டிய எண்ணிக்கையால வகுத்து, காப்பீட்டுத் தொகையால பெருக்குங்க. 5 லட்சம் பாலிசி, 20 வருஷத்துல 6 வருஷம் கட்டியிருந்தா 1,50,000. ஏற்கெனவே சேர்ந்த போனஸ் இருந்தா அதையும் கூட்டணும். கிரேஸ் பீரியட் (கட்டுற தேதி தாண்டினாலும் கிடைக்கிற கூடுதல் அவகாசம்) மாசத் தவணைக்கு 15 நாள், மத்ததுக்கு 30 நாள்.

ரூம் ரென்ட்லதான் கஸ்டமர் ரொம்ப ஏமாந்து போறாங்க. 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகை ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000னு வரம்பு. கஸ்டமர் 8,000 ரூம்ல தங்கினார். மிச்ச 3,000 மட்டும் கைக்காசுன்னு நினைச்சுக்குவாங்க. அது இல்லை. ரூம் தரம் ஏறினா டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாம் ஏறும். அதனால அந்தச் செலவுலயும் எட்டுல அஞ்சு பங்குதான் தருவாங்க, 1,60,000 ஆனா 1,00,000. மருந்து, இம்ப்ளான்ட், ஸ்கேன் மாதிரி பரிசோதனை, ஐசியூ சார்ஜ், இதுல மட்டும் இந்த வெட்டு கிடையாது.

இதே மாதிரி ஒண்ணு நீங்க போட்டுப் பாருங்க. ரூம் வரம்பு 4,000, தங்கினது 6,000. டாக்டர் ஃபீஸும் தியேட்டரும் சேர்த்து 90,000, மருந்து 30,000. ரூம் வாடகையை விட்டுட்டு, கம்பெனி எவ்வளவு தரும்? கமென்ட்ல போடுங்க, எப்படி வந்துச்சுங்கிற கணக்கையும் சேர்த்து எழுதுங்க.