சைகை மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார், பயிற்சி போய்ச் சேர்ந்ததா?

[திரையில்: தொழிற்சாலையின் பயிற்சி அறை. முன்னால் பயிற்றுநர், பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர்.]

வணக்கம். தீ பாதுகாப்புப் பயிற்சிக்கு 30 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் 3 பேருக்குக் காது கேளாது. மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தாகிவிட்டது. அப்படியும் அந்த 3 பேருக்குப் பாடத்தில் பாதி போய்ச் சேராமல் இருக்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: தீயணைப்புக் கருவியைப் பிடித்திருக்கும் கைகள், அண்மையில்.]

பயிற்றுநர் கருவியை எடுக்கிறார். "சேஃப்டி பின்னை உருவுங்க, குழாயை நெருப்போட அடிப்பக்கம் காட்டுங்க, லீவரை அழுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே செய்கிறார். காது கேட்பவர் சொல்வதைக் காதிலும் செய்வதைக் கண்ணிலும் வாங்கிக்கொள்வார். காது கேளாதவருக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால், பின்னை எப்படி உருவினார் என்பது தவறிப்போகும். கையைப் பார்த்தால் விளக்கம் தவறிப்போகும்.

அதனால் முதலில் சொல்லுங்கள். சைகை முடியும்வரை நில்லுங்கள். பிறகு வாய் திறக்காமல் செய்து காட்டுங்கள். அடுத்த படிக்கும் இதே வரிசைதான். ஸ்லைடை மாற்றினாலும் அதைப் படித்து முடிக்கும்வரை பேசாதீர்கள். 1 மணி நேர வகுப்புக்கு 15 நிமிடமாவது கூடுதலாக ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் கடைசியில் வெட்டுப்படுவது கேள்வி நேரம்தான்.

[திரையில்: அறையின் வரைபடம். ஜன்னல், புரொஜெக்டர், நிற்கும் இடங்கள்.]

மொழிபெயர்ப்பாளர் பயிற்றுநருக்கு அருகிலேயே நிற்க வேண்டும், இருவரும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகமும் கையும் இருட்டாகிவிடும். புரொஜெக்டருக்காக எல்லா விளக்கையும் அணைப்பதும் அதே கெடுதல்தான். வகுப்பு 1 மணி நேரத்தைத் தாண்டினால் 2 பேரை அழையுங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். களைத்த கைகள் சொற்களை விழுங்கத் தொடங்கும்.

பாடக் குறிப்புகள் சில நாள் முன்பே மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்க வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் பட்டறையின் இயந்திரப் பெயர் எல்லாவற்றுக்கும் அதில் சைகை கிடைக்காது. காது கேளாத ஊழியர்களே தங்களுக்குள் ஒன்றை வைத்திருப்பார்கள். அதை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகக் காட்ட வேண்டிவரும், அதற்குள் பயிற்றுநர் இரண்டு வாக்கியம் தாண்டியிருப்பார்.

"திரையில் எழுத்து ஓடுதே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது. போதாக்குறைக்கு, பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் தானியங்கி வசனம் இயந்திரப் பெயர்களைத்தான் முதலில் பிழையாக எழுதும். உதட்டைப் படிப்பார்கள் என்று நம்பவும் முடியாது. 'படி', 'மடி' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.

[திரையில்: சுவரில் மின்னும் எச்சரிக்கை விளக்கு.]

பாடத்தின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். "சைரன் கேட்டதும் வெளியேறுங்கள்" என்ற வரி அந்த 3 பேரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மின்னும் விளக்கு எங்கே இருக்கிறது, ஒவ்வொரு ஷிப்டிலும் தோளைத் தொட்டு எச்சரிக்கப் போகும் சக ஊழியர் யார் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். கழிப்பறையில் மின்னும் விளக்கு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மறந்துபோகும் இடம் அதுதான்.

இதெல்லாம் பெரிய மனது பண்ணிச் செய்யும் உதவி அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் வந்த 2017 விதிகளின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கையில், வேலையில் சேர்ந்தபின் தரும் பயிற்சியும் பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சியும் இடம்பெற வேண்டும்.

[திரையில்: ஊழியர் ஒருவர் கருவியை இயக்கிக் காட்டுகிறார்.]

கடைசியாகத் தேர்வு. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நீண்ட வாக்கியங்களில் கேள்வித்தாள் கொடுத்தால் தமிழ் வாசிப்பைத்தான் சோதிக்கிறீர்கள். கருவியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், 30 பேருக்கும். எந்தப் படியில் கை தயங்குகிறதோ, அந்தப் படியை மட்டும் அப்போதே திரும்ப நடத்துங்கள்.