அம்புக்கு முன்னால் நடந்த கதை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் போகிற போக்கில் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். அந்தமானில் வட சென்டினல் தீவுக்கு வருகிறவனை அங்கே வாழும் பழங்குடியினர் அம்பு விட்டுக் கொல்கிறார்களே, அது காட்டுமிராண்டித்தனம் இல்லையா என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, 2018 நவம்பரில் மதம் பரப்பப் போன அமெரிக்க இளைஞர் அங்கே உயிரிழந்தது உண்மைதான், அதற்கு நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் நண்பர் கதையை அம்பிலிருந்து ஆரம்பிக்கிறார், அது 1880-லேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த வருஷம் மாரிஸ் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆயுதம் ஏந்திய ஆட்களோடு அந்தத் தீவில் இறங்கினார். ஜனங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள், இவர் விடவில்லை, நாள்கணக்கில் தேடி ஒரு கிழவன் கிழவியையும் நான்கு பிள்ளைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். வெளியுலக நோய்கள் பழகாத உடம்பு இல்லையா, எல்லாரும் படுத்துவிட்டார்கள், பெரியவர்கள் இருவரும் செத்தே போனார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகளைத் தீவில் திருப்பி விட்டார், எப்படி என்கிறீர்கள்? பரிசுப் பொருள்களோடு! போனது ஆறு பேர், வந்தது நாலு பேர், கூடவே பரிசு மூட்டை. நம் வீட்டில் இப்படி நடந்திருந்தால் அடுத்த படகு வரும்போது ஆரத்தியா எடுப்போம்?

இன்னொன்றையும் சொல்கிறேன், மணி அடித்துவிடாதீர்கள். 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற மானிடவியலாளர் ஒரு குழுவோடு அங்கே போனார். கையில் துப்பாக்கி இல்லை, தேங்காய்தான். படகிலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதக்கவிட, அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு இளைஞன் அவரையே குறிபார்த்து வில்லை வளைக்கிறான். பக்கத்தில் நின்ற அந்தத் தீவுப் பெண் ஒருத்தி சட்டென்று அவனைத் தள்ளிவிட, அம்பு குறி தப்பித் தண்ணீரில் விழுந்தது. வந்தவள் யார், எந்த ஊர், எதற்கு வந்தாள், எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

போர்ட்மேனோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அவர்களில் ஒருத்தராவது அவர் கையைப் பிடித்து, "வேண்டாம் துரை, கிழவியை விட்டுடுங்க" என்று சொன்னதாக எதிரணி ஒரே ஒரு பதிவைக் காட்டட்டும், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.