பத்தடி முன்னே எடுத்த கார்

வணக்கம் நேயர்களே.

2022-இல், கியூஆர் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று இருந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஒருநாள் பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பக்கத்து வீட்டு அண்ணரின் வான் வெளியே போகவேண்டியிருந்தது. நான் என் காரை ஸ்டார்ட் செய்து பத்தடி முன்னே எடுத்து, பெற்றோல் வீணாகிறதே என்று உடனே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பற்றரி இறங்கும்வரை முயன்றேன்.

பஞ்சிகாவத்தையிலிருந்து, எனக்குப் பழக்கமான மெக்கானிக் நானா வந்தார். பொனெற்றைத் திறக்கவேயில்லை. "தம்பி, நேத்து சூடாக முந்தி நிப்பாட்டினீங்களா?" என்று கேட்டார். ஓமென்றேன். இன்னொரு பற்றரியைக் கொழுவி, அக்ஸிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி சாவியைத் திருப்பினார். பத்து செக்கன் சுற்றவிட்டார், கொஞ்சம் பொறுத்தார், மறுபடி பத்து செக்கன். மூன்றாம் முறை காலை மெல்ல எடுத்தார். எஞ்சின் இருமிக் குமுறிப் பிடித்தது. ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டிருந்த அக்கா ஓடிவந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

என் கார் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. அதன் எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இடுப்புச் சிறுத்த முட்டை போன்ற கூட்டுக்குள்ளே முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதுதான் அபெக்ஸ் சீல். கூட்டின் சுவரை உரசியபடி அது வழுக்கிப் போகவேண்டும், காற்றையும் கசியவிடக்கூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெற்றோல் கூடுதலாகத் தெளிக்கப்படும். சூடேற முன்னரே நிறுத்தினால் அந்தப் பெற்றோல் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும், பிளக்கையும் நனைத்துவிடும். பிறகு கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று இறுகும் அழுத்தம், எங்கிருந்து வரும்? அக்ஸிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் இந்தக் காரின் கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், உள்ளே காயும். நானா செய்தது அதைத்தான்.

இவ்வளவு சிரமமான எஞ்சினை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். 1,308 சிசிதான். ஆனால் ஆறு கியர் மனுவல் காரில் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும், 250 குதிரைவலு தரும். ஏறும்போது நடுக்கமே இருக்காது, சத்தம் மட்டும் மெலிந்து மெலிந்து மேலே போகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு ரோட்டர் எஞ்சினோடுதான் மாஸ்டா 787பி 1991-இல் லு மான் 24 மணிநேரப் போட்டியை வென்றது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

சரி, கொழும்புக்கு வருவோம். இந்தக் காரை இங்கே கொல்வது வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டவரையில் காலி வீதியில் நிற்பதுதான் அதைக் கொல்கிறது. பம்பலப்பிட்டியில், மத்தியானம் ஒரு மணிக்கு, ஏசியும் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் ஊர்ந்தால் ரேடியேற்றருக்குக் காற்றே கிடையாது. காரோடு வரும் வெப்பமானியை நம்பவும் முடியாது. சூடு நன்றாகக் கூடினாலும் ஊசி நடுவிலேயே நிற்கும். அது அசையும்போது காலம் கடந்திருக்கும். அதனால் நான் செய்த முதல் மொடிஃபிகேஷன், தண்ணீரின் சூட்டை எண்ணில் காட்டும் ஒரு சின்ன மீற்றர். அடுத்தது பெரிய அலுமினிய ரேடியேற்றர். பிறகு மின்விசிறி கொஞ்சம் முந்தியே சுற்றும்படி கம்ப்யூட்டரை மாற்றினோம். பார்ப்பவர் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

சூடாக முந்தி நிறுத்துவதற்கும் நெரிசலில் நிற்பதற்கும் அடுத்து, மூன்றாவது எதிரி, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயில். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொயில் பலவீனமானால் பெற்றோல் முழுக்க எரியாது. எரியாத பெற்றோல் சைலன்சர் குழாய்க்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைபடும். புகை வெளியே போக வழியில்லாமல் சூடு எஞ்சினுக்கே திரும்பும், சீல் போய்விடும். நான்கு கொயிலை நேரத்துக்கு மாற்றாதவர் கடைசியில் எஞ்சினையே மாற்றுகிறார். கார் இழுவை குறைந்தால், உடனே டேர்போ பூட்டலாமா என்று யோசிக்கவேண்டாம், முதலில் கொயிலைப் பாருங்கள். எஞ்சினை மாற்றும் நிலை வந்தாலும் வேலை கராஜோடு முடியாது. புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும்.

கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிடுங்கள், சத்தமும் நன்றாக வரும் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. ஒழுங்கையில் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். வருடா வருடம் புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருமான உத்தரவுப் பத்திரமும் கிடைக்கும். காரைத் தரையோடு ஒட்டத் தாழ்த்துவதையும் நான் செய்யவில்லை. ஒரு மழைக்கே வெள்ளம் நிற்கும் ஊரில் இரண்டு அங்குலம் பெரிய விஷயம்.

ஒயில் குறைகிறது என்று பயப்படாதீர்கள். சீலுக்கு வழுக்கல் கொடுப்பதற்காக இந்த எஞ்சின் வேண்டுமென்றே ஒயிலை எரிக்கிறது. இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒருதடவை ஒயில் கம்பியைப் பாருங்கள், டிக்கியில் ஒரு லீற்றர் வைத்திருங்கள். பிரேக் ஒயில் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சும், அதை நான் வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். கடற்காற்று அடியில் துருவைக் கொண்டுவரும், வாரம் ஒருமுறை நல்லதண்ணீர் அடிக்கவேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு 2012-இல் நின்றுவிட்டது. இங்கே 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை தனியார் கார் இறக்குமதி இல்லாததால் இருக்கும் கார்களே கைமாறின, விலையும் ஏறியது. பெயின்ற்றைப் பார்த்து விலை பேசாதீர்கள். ரோட்டரி எஞ்சினுக்கென்று தனியான கம்ப்ரஷன் கருவி உண்டு, சாதாரணக் கருவி சரியான கணக்குச் சொல்லாது. இரண்டு ரோட்டருக்கும் மூன்று மூன்றாக ஆறு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். விற்பவர் மறுத்தால் வாங்காமல் வீடு திரும்புங்கள்.

அப்புறம், இந்த எஞ்சின் இடைக்கிடை உயரச் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் கரி படியும். அதற்காகச் சட்டத்தை மீறத் தேவையில்லை. ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு மகளையும் ஏற்றிக்கொண்டு கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறுவேன். அங்கே எல்லை 100 கிலோமீற்றர். நன்றாகச் சூடானபிறகு இரண்டாம் கியரில் 7,500 சுற்று வரை போனாலும் 100-ஐத் தாண்டாது. பின்சீற்றிலிருந்து மகள் சுற்றை எண்ணிச் சொல்வாள்: ஆறு, ஆறரை, ஏழு.

இப்போது பக்கத்து வீட்டு அண்ணர் வானை எடுப்பதென்றால் கால் மணித்தியாலம் முந்தியே மதிலால் எட்டிச் சொல்லிவிடுவார். நான் காரை எடுத்து மரைன் டிரைவில் ஒரு சுற்றுப் போய், சின்ன மீற்றரில் 80 காட்டியபிறகு திரும்பிவந்து நிறுத்துவேன்.

வணக்கம்.