தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது?

[காட்சி: தெளிந்த நீரில் தலைப்பிரட்டைக் கூட்டம்]

தலைப்பிரட்டைக்கு வால் உண்டு. தவளைக்கு இல்லை. நடுவில் அந்த வால் எங்கே போனது? உதிர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் எந்தக் குளத்தைத் துழாவினாலும் உதிர்ந்த வால் ஒன்றுகூடக் கிடைக்காது.

[காட்சி: முட்டைகள், மிக அருகில்]

சரி, முட்டையிலிருந்து வருவோம். தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. வழவழப்பான கூழ் உறைதான். ஈரம் போனால் முட்டையும் காய்ந்துவிடும். கூழுக்குள் தெரியும் கருப்புப் புள்ளி மெல்ல நீண்டு, காற்புள்ளி மாதிரி வளைந்து, ஒரு கட்டத்தில் துடிக்க ஆரம்பிக்கும்.

வெளியே வந்ததும் செவுளால் மூச்சு, வாலால் நீச்சல். வாயில் சின்னக் கொம்பு அலகு. அதைக்கொண்டு கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். தலைப்பிரட்டையைக் கண்ணாடிக் குவளையில் விட்டுக் கீழிருந்து பாருங்கள்: வயிற்றுத் தோலுக்குள் குடல் கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றிக் கிடக்கும். இலைதழை செரிக்க அவ்வளவு நீளம் வேண்டும்.

[காட்சி: கால் முளைத்த தலைப்பிரட்டை]

முதலில் வெளியே தெரிவது பின்னங்கால்கள். முன்னங்கால்களும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் செவுளை மூடிய தோலுக்கு அடியில். ஒருநாள் முழங்கை தோலை முட்டிக்கொண்டு வெளியே வரும். தவளையின் உறவான, பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டரின் குஞ்சுக்கு இது தலைகீழ், முன்னங்கால்தான் முதலில்.

இனிதான் சிக்கலான நாட்கள். கொம்பு அலகு உதிர்ந்து, வாய் அகலமாகும். பூச்சி தின்னப்போகும் உடம்புக்கு நீளக் குடல் எதற்கு? அதுவும் சுருங்கும். செவுள் மறைந்து நுரையீரல் பொறுப்பேற்கும். வாயும் குடலும் பழுதுபார்ப்பில் இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? சாப்பிடாது. கட்டுச்சோறுதான் பின்னால் தொங்குகிறதே! வாலின் செல்கள் தாமாகவே அழிய, அவற்றைத் துப்புரவுச் செல்கள் விழுங்க, அந்தச் சத்து உடம்புக்கே திரும்புகிறது. வால் குட்டையாகி, ஒரு மொட்டாகி, இல்லாமல் போகிறது.

இத்தனைக்கும் உத்தரவு போடுவது தைராய்டு சுரப்பி. 1912-ல் குடர்னாச் என்ற ஆய்வாளர் குதிரையின் தைராய்டுத் திசுவைத் தலைப்பிரட்டைகளுக்குத் தின்னக் கொடுத்தார். வளர நேரமே இல்லாமல் அவை அவசர அவசரமாக மாறி, குட்டியூண்டு தவளைகளாயின.

தலைப்பிரட்டையாக நீந்தாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வருகிற இனங்களும் உண்டு. அவற்றிலும் சிலவற்றுக்கு முட்டைக்குள் வால் இருக்கும். நீந்துவதற்கு இல்லை, மூச்சு விடுவதற்கு.

[காட்சி: நீருக்குள் ஆக்சலாட்டல்]

அப்புறம் இவர், மெக்சிகோவின் ஆக்சலாட்டல். வாலும் இறகு போன்ற செவுளும் அப்படியே இருக்க, குஞ்சு உருவத்திலேயே வயதுக்கு வந்து முட்டையும் இடும் சாலமாண்டர். 1864-ல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சலாட்டல்களை விலங்கியலாளர் டுமெரில் வளர்த்தார். மறு ஆண்டு அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளில் சில, செவுளை இழந்து நிலத்துச் சாலமாண்டர்களாகிவிட்டன. தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் இன்றும் ஆக்சலாட்டல் அப்படி மாறும். மாறத் தேவையான எல்லாம் அதன் உடம்பில் தயாராகவே இருக்கிறது, உத்தரவு மட்டும்தான் பலமாக வருவதில்லை.